மீண்டும் மீண்டும் அணையும் விளக்கு



இப்பகுதிக்கு வரும் மடல்களுள் பெரும்பாலானவை சமையலைப் பற்றியோ, பிள்ளைகளின் படிப்பைப் பற்றியோ, பெரியோரின் உடல்நலத்தைப் பற்றியோ இருப்பது வழக்கம். சென்ற ஆண்டு ஜூன் திங்களில் வந்த மடலொன்று மின்விளக்கைப் பற்றியது. முதன்முறை படித்தபோது, இதற்கு நான் என்ன விடை கூற இயலும் என்று மலைத்தேன். மறுமுறை படித்தபோதுதான், ஒரு குடும்பத்தின் மனத்தாங்கல் அதனுள் மறைந்திருப்பது விளங்கிற்று.

எழுதியவர், அடுக்குமாடி வீடொன்றில் மொட்டை மாடிக்கு நேர்கீழே குடியிருக்கும் ஒரு சகோதரி. வீடு வாங்கிய புதிதில், கூடம் அழகாயிருக்கட்டும் என்று, 'பால்ஸ் சீலிங்' எனப்படும் உட்கூரையை ஜிப்சம் பலகையால் அமைத்து, அதில் வட்டத் துளைகள் இட்டு, ஆறு விளக்குகளை உள்ளே புதைத்து வைத்தார்கள். ஐந்து கூடத்தில், ஆறாவது, குளியலறைக்குச் செல்லும் நடைவழியில். பதினான்கு திங்களில் பதினொரு பல்புகள் அணைந்துபோயின. "நீ மலிவான பல்பாகப் பார்த்து வாங்குகிறாய்" என்றார் கணவர். விலையுயர்ந்த பல்பு வாங்கினார், அதுவும் அணைந்தது. "உங்கள் வீட்டுக் கரண்ட் சரியில்லை அம்மா" என்றார் கடைக்காரர். மின்பணியாளரை அழைத்தார், அவர் பல்பை மாற்றி, கூலியைப் பெற்றுக்கொண்டு போய்விட்டார்.

இதற்கிடையில் ஓர் இரவு நடைவழி விளக்கு எரியவில்லை. எழுபது வயதைக் கடந்த மாமியார் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே சென்றவர், கால் இடறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். "அத்தை என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை" என்று மடலை முடித்திருந்தார் அச்சகோதரி.

உடனே நான் எழுதிய மறுமொழியில் இரண்டே செய்திகள் இருந்தன. முதலாவது, நடைவழியில் அன்றிரவே மின்கலத்தில் எரியும் சிறு விளக்கு ஒன்றை வைத்துவிடுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை முதியவர் இருட்டில் நடக்கலாகாது. இரண்டாவது, புதிய பல்பு வாங்குமுன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அணைந்த பல்பு ஒவ்வொன்றுக்கும் நான்கு செய்திகளைக் குறியுங்கள்: ஆறு விளக்குகளுள் எது? எந்த நாள்? எத்தனை வாட்? அணைவதற்கு முன் மினுக்கியதா, மினுக்கியதெனில் அவ்வேளையில் வீட்டில் வேறு என்ன இயங்கிக்கொண்டிருந்தது? நடந்து முடிந்தவற்றைக் கடைச் சீட்டுகளைக் கொண்டும் நினைவைக் கொண்டும் எழுதுங்கள். இனி நடப்பவற்றை அன்றன்றே எழுதுங்கள்.

மருத்துவரிடம் சென்றால், காய்ச்சல் எப்போது வருகிறது, எத்தனை நாழிகை நிற்கிறது என்று அவர் கேட்பதில்லையா? அதுபோன்றதே இதுவும். 'அடிக்கடி போகிறது' என்னும் சொல்லை வைத்துக்கொண்டு யாராலும் நோயை அறிய முடியாது. எங்கே, எப்போது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆறு வாரங்கள் கழித்து அந்தப் பட்டியல் எனக்கு வந்தது. பதினொரு பல்புகளுள் ஏழு, நடைவழி விளக்கில் போனவை. மூன்று, கூடத்தின் விளக்குகளில் ஏப்ரல், மே திங்களில் போனவை. எஞ்சிய ஒன்று, அக்டோபர் மாதத்தில் இடிமழை பெய்த ஓர் இரவில் மின்சாரம் நின்று மீண்டும் வந்தபோது போனது. ஒரு நோய் என்று அக்குடும்பம் எண்ணியிருந்தது உண்மையில் மூன்று நோய்கள். ஒவ்வொன்றாகக் காண்போம், உங்கள் இல்லத்திலும் இவற்றுள் ஏதேனும் ஒன்று இருக்கலாம்.

கோடையில் போன மூன்று

பழைய குண்டு பல்பைப் பற்றி நாம் அறிவோம். உள்ளேயிருக்கும் மெல்லிய டங்ஸ்டன் இழை வெண்சூடாகி ஒளி தரும். பெற்ற மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெப்பமாகவே போய்விடும். ஆயினும் அவ்வெப்பத்தில் பெரும்பகுதி ஒளியோடு சேர்ந்து முன்னோக்கி வீசப்படும். சூடு அந்தப் பல்புக்குப் பகையன்று, அதன் பிழைப்பே சூடுதான்.

இன்று நாம் வாங்கும் எல்.இ.டி. பல்பின் இயல்பு வேறு. அதுவும் தான் பெறும் மின்சாரத்தில் பாதிக்கு மேற்பட்டதை வெப்பமாகவே மாற்றுகிறது. ஆனால் அந்த வெப்பம் ஒளியோடு வெளியே செல்வதில்லை. பல்பின் அடிப்பாகத்துக்கு வந்து, அங்கிருந்து சுற்றியுள்ள காற்றுக்குப் போகவேண்டும். அந்த அடிப்பாகத்தில்தான், வீட்டு மின்சாரத்தைப் பல்புக்கு ஏற்றவாறு மாற்றித்தரும் 'டிரைவர்' என்னும் சிறு மின்சுற்று அமர்ந்திருக்கிறது. அதனுள் பல பல்புகளில் மின்தேக்கி ஒன்று உண்டு. அதற்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல வற்றும். சூடு 10 பாகை செல்சியஸ் கூடினால் இத்தகைய மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையினர் கைக்கொள்ளும் பொது விதி.

இப்போது உட்கூரையை நினைத்துப் பாருங்கள். மேலே வெயிலில் காயும் மொட்டை மாடி. கீழே ஜிப்சம் பலகை. இடையில் காற்றோட்டமற்ற சிறு வெளி. அதில் ஒரு குறுகிய உலோகக் குவளை. குவளைக்குள் தலைகீழாகத் தொங்கும் பல்பு. சூடான காற்று மேலே எழும். எழுந்து, பல்பின் அடிப்பாகத்தைச் சூழ்ந்து அங்கேயே நிற்கும். சுவரில் திறந்தவெளியில் எரியும்போது பல ஆண்டு உழைக்கும் அதே பல்பு, இங்கே சில திங்களில் மடிந்துவிடுவதில் வியப்பில்லை. அச்சகோதரியோ, வெளிச்சம் போதவில்லை என்று, 7 வாட் இருந்த இடத்தில் 12 வாட் பல்பை மாட்டியிருந்தார். பெரிய பல்பு, மிகுந்த வெப்பம், குறைந்த இடைவெளி.

அட்டைப்பெட்டியின்மேல் 25,000 மணி நேரம் என்று அச்சிட்டிருக்கிறார்களே என்று கேட்பீர்கள். நாள்தோறும் 5 மணி நேரம் எரித்தால் அது 13 ஆண்டுகளுக்கு மேல் வரும். பொதுவாக அந்த எண், பல்பின் ஒளி முதலில் இருந்ததில் நூற்றுக்கு எழுபதாக மங்குவதற்கு ஆகும் காலத்தைக் குறிக்கும். அதுவும் நல்ல காற்றோட்டமுள்ள, மிதமான வெப்பமுள்ள இடத்துக்கான கணக்கு. மூடிய குழிக்குள் டிரைவர் எத்தனை நாள் தாங்கும் என்பதை அது கூறுவதில்லை. 'மூடிய விளக்குகளில் பயன்படுத்தலாகாது' என்று சில பெட்டிகளில் சிறு எழுத்தில் அச்சிட்டிருப்பர். அதை நாம் படிப்பதில்லை.

இங்கே சுவையான செய்தியொன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லிவர்மோர் என்னும் ஊரின் தீயணைப்பு நிலையத்தில், 1901ஆம் ஆண்டு முதல் எரிந்துவரும் குண்டு பல்பு ஒன்று உண்டு. அதற்கு மாறாக, 1924இல் ஜெனீவாவில் கூடிய பல்பு உற்பத்தியாளர்கள், தங்கள் பல்புகள் 1,000 மணி நேர அளவில் ஆயுள் முடியுமாறு தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டது வரலாறு. ஆகவே, 'வேண்டுமென்றே கெட்டுப்போகச் செய்கிறார்கள்' என்று கூறுவோரின் ஐயத்தை அடியோடு தள்ளுவதற்கில்லை. ஆனால் லிவர்மோர் பல்பு ஏறத்தாழ 4 வாட் அளவில், மங்கிய செந்நிறமாகவே எரிகிறது. பெரும்பாலும் அணைக்கப்படுவதும் இல்லை. இழை அதிகம் சூடேறாததே அதன் நீண்ட ஆயுளுக்கு முதற்காரணம். பழைய பல்பாயினும் புதிய பல்பாயினும், தன் அளவுக்கு மீறிய சூட்டில் உழைப்பது விரைவில் தேயும்.

இதற்குப் பரிகாரம் எளிது. புதைவிளக்குகளில் குறைந்த வாட் பல்பையே இடுங்கள்; வெளிச்சம் போதாவிடில் சுவரில் ஒரு குழல்விளக்கைத் தனியே வையுங்கள். விளக்கின்மேல் பஞ்சு, தெர்மோகோல், பழந்துணி முதலியவை கிடந்தால் அகற்றச் சொல்லுங்கள். புதிதாக வீடு கட்டுவோர், குவளைக்குள் பல்பு மாட்டும் வகையை விடுத்து, வெப்பத்தை வெளியேற்றும் உலோக முதுகுடன், டிரைவர் தனியே அமைந்த முழு விளக்கைத் தேர்ந்தெடுத்தல் நலம். அவ்வகையில் விளக்கு அணைந்தால், பெரும்பாலும் கெட்டது டிரைவராகவே இருக்கும். அதன்மேல் எழுதியுள்ள மில்லியாம்பியர் அளவும் வோல்ட் அளவும் ஒத்த மற்றொரு டிரைவரை வாங்கி மாட்டினால் போதும். முழு விளக்கையும் எறிய வேண்டியதில்லை. டிரைவர் பெட்டி விளக்கின் முதுகின்மேல் படுத்திராமல், சற்று விலகி இருக்கவேண்டும்.

இடிமழை இரவில் போன ஒன்று

மின்சாரம் நின்று மீண்டும் வரும் நொடியிலும், அருகில் இடி விழும்போதும், கம்பியில் மின்னழுத்தம் ஒரு கணம் மிக உயர்ந்து தாழும். குண்டு பல்பு அந்தக் கணத்தைப் பொருட்படுத்தாது. டிரைவரிலுள்ள நுண்ணிய பாகங்கள் பொருட்படுத்தும். ஆண்டுக்கொன்று இவ்வாறு போவதைப் பெரிதாக எண்ணவேண்டாம். இடி முழங்கும்போது விளக்குகளை அணைத்துவிட்டு, மின்சாரம் வந்தபின் சில நிமிடங்கள் பொறுத்துப் போடுவது நல்ல பழக்கம். அடிக்கடி நேருமாயின், மின்பெட்டியில் 'சர்ஜ் புரொடெக்டர்' என்னும் காப்புக் கருவியைப் பொருத்தச் சொல்லலாம்.

வேறொரு நிலையும் உண்டு, அது அவசரமானது. ஒரே வேளையில் வீட்டின் சில விளக்குகள் கண்கூசப் பிரகாசித்து, மற்றவை மங்கினால், மும்முனை இணைப்புள்ள வீட்டில் நியூட்ரல் கம்பி தளர்ந்திருக்கலாம். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 300க்கும் மேல் ஏறி, விளக்கு மட்டுமன்றி, குளிர்பெட்டி, தொலைக்காட்சி அனைத்தும் கருகக்கூடும். அந்நேரத்தில் ஆராய்ச்சி வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மின்வாரியத்துக்குத் தெரிவியுங்கள்.

நடைவழியில் போன ஏழு

இனி, அந்த ஏழு. பட்டியலில் ஒரு குறிப்பு என் கண்ணை நிறுத்தியது. 'ஞாயிறு மாலை மினுக்கியது. பிள்ளைகளின் சீருடைக்கு இஸ்திரி போடும் நேரம்.' மூன்று வரிகள் தள்ளி மீண்டும் அதே: 'ஞாயிறு, இஸ்திரி.' எழுதியவருக்கே அதன் பொருள் தெரியவில்லை. தெரிந்ததை உள்ளவாறு எழுதியிருந்தார், அவ்வளவே.

"இஸ்திரிப் பெட்டியை எந்த இடத்தில் மாட்டுகிறீர்கள்?" என்று கேட்டு எழுதினேன். நடைவழிச் சுவரில் உள்ள பிளக் பாயிண்ட்டில் என்று விடை வந்தது. அது வீட்டோடு வந்ததன்று. பிற்பாடு ஒருவரைக் கொண்டு வைத்தது. வைத்த பின்னரே நடைவழி விளக்கின் தொல்லை தொடங்கியது என்பதையும் நாட்களை ஒப்பிட்டு அவரே கண்டுபிடித்திருந்தார்.

இனி அந்த பிளக்கைத் தொடவேண்டாம், அந்த விளக்கையும் போடவேண்டாம், உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்து, பல்பை மாற்றச் சொல்லாமல், விளக்கைக் கழற்றி மேலே டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்று எழுதினேன். அவர் பார்த்தார். முன்பு வந்தவர், புதிய பிளக்குக்கான நியூட்ரல் கம்பியை அந்த விளக்கின் கம்பியோடு வெறும் கையால் முறுக்கி, மேலே டேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார். 9 வாட் பல்புக்கு அந்த முறுக்கு போதும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியோ, 4 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுப்பது. தளர்ந்த முறுக்கில் அது பாயும்போது இணைப்பு சூடேறும். சூட்டில் விரிந்து, ஆறிச் சுருங்கி, மேலும் தளரும். பின்பு பொறி தெறிக்கும். ஒவ்வொரு பொறியும் அவ்வழியே மின்சாரம் பெறும் பல்புக்கு ஓர் அடி. ஏழு பல்புகளும் இவ்வாறே அடிபட்டு மாண்டிருக்கின்றன.

டேப் கருகி உருகியிருந்தது. கம்பியின் மேலுறை அரை அடி நீளத்துக்குப் பொரிந்து, தொட்டால் உதிர்ந்தது. உட்கூரையைத் தாங்க வைத்த மரச்சட்டம் ஒன்று அருகிலேயே, ஓரம் பழுப்பேறி நின்றது. இன்னும் சில ஞாயிறுகள் சென்றிருந்தால், அந்தச் சட்டம் தீப்பற்றியிருக்கக்கூடும். எல்லோரும் உறங்கும் வேளையில், யாரும் காணாத இடத்தில்.

சகோதரிகளே, இதை நீங்கள் மனத்தில் இருத்தவேண்டும். ஒரே இடத்தில் பல்பு திரும்பத் திரும்ப அணையுமானால், அது நம்மை எச்சரிக்கிறது என்று கொள்ளுங்கள். அவ்விடத்தில் மினுக்கல், 'சுர்'ரென்ற ஒலி, கருகல் வாடை, கறுத்த ஹோல்டர், பழுப்பேறிய கூரை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், புதிய பல்பு மாட்டாதீர்கள். ஹோல்டரின் உள்ளே பல்பை அழுத்திப் பிடிக்கும் இரு ஊசிகளும் வில்தளர்ந்து போவதும் உண்டு. அதனாலும் பொறி தெறிக்கும். ஹோல்டரை மாற்றுவது சிறு செலவே.

இன்னும் இரண்டு காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். சில பழைய வீடுகளில், புதைவிளக்குகள் 12 வோல்ட் ஹாலஜன் பல்புக்காகச் சிறு டிரான்ஸ்பார்மருடன் அமைந்தவை. 20 வாட் முதல் 60 வாட் வரை என்று எழுதிய டிரான்ஸ்பார்மரில் 5 வாட் எல்.இ.டி. பல்பை மாட்டினால், அதற்குப் போதிய பளு இல்லாமையால் பல்பு மினுக்கி, விரைவில் கெடும்; டிரான்ஸ்பார்மரையும் மாற்றவேண்டும். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருந்தால், அதற்கென்றே செய்த பல்பைத் தவிர வேறெதுவும் அதில் நிலைக்காது.

வாங்கும்போதும் மாற்றும்போதும்

பல்பு வாங்கும்போது ஐ.எஸ். 16102 என்னும் தர எண்ணும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாதக் காலத்தைக் கேட்டு, சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வாங்கிய நாளைப் பல்பின் கழுத்திலேயே அழியாத மையால் எழுதிவிடுங்கள். அதுவே உங்கள் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கம்.

மாற்றும்போது, சுவிட்சை அணைத்தால் போதும் என்று எண்ணவேண்டாம். சில வீடுகளில் தவறாக, உயிருள்ள கம்பியை விடுத்து நியூட்ரல் கம்பியில் சுவிட்சை வைத்திருப்பர். விளக்கு அணையும், ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அணைத்த பின்னும் பல்பு மங்கலாக ஒளிர்ந்தால் இவ்வையம் கொள்ளுங்கள். ஆகவே, மின்பெட்டியில் அந்த வரிசைக்குரிய எம்.சி.பி.யை இறக்கிவிட்டே மாற்றவேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் முக்காலி வைத்து ஏறாதீர்கள். உறுதியான ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் ஏறட்டும். வீட்டில் தனித்திருக்கும் வேளையில் அவ்வேலையை வைத்துக்கொள்ளவேண்டாம்.

அச்சகோதரியின் கடைசி மடல் சில வாரங்களுக்கு முன் வந்தது. பிளக்குக்குத் தனிக் கம்பி இழுத்து, இணைப்புகளை முறையான பெட்டிக்குள் வைத்து, கூடத்தில் 7 வாட் பல்புகளுக்கே திரும்பியிருக்கிறார்கள். எட்டுத் திங்களாக ஒரு பல்பும் போகவில்லை. கருகிய கம்பித்துண்டை மின்பணியாளர் கையில் கொடுத்தபோது, கணவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பின்பு, "நான் உன்னைச் சொன்னது தவறு" என்றாராம். மலிவான பல்பு என்று ஓராண்டுக்கு மேலாக ஒருவர் மேல் சுமத்திய பழி, யாரும் அண்ணாந்து பார்க்காத ஓரிடத்தில் கிடந்த ஒரு முறுக்குக் கம்பியைச் சேர்ந்தது. மனிதரைக் குறை கூறுவது எளிது. ஏணி போட்டு ஏறிப் பார்ப்பதற்குச் சற்று உழைப்பு வேண்டும்.

மாமியாரின் கை தேறிவிட்டது. ஆயினும் இரவில் நடக்கும்போது பழக்கத்தால் சுவரைத் தொட்டே நடக்கிறாராம். அச்சுவரில் அவர் கைபட்ட இடம் ஒரு கோடாகக் கறுத்திருக்கிறது. "வெள்ளையடிக்கும்போது அதை மட்டும் விட்டுவிடலாம் என்றிருக்கிறேன், விளக்கு எரிகிறதா என்று தினமும் பார்க்க அது எனக்கு நினைவூட்டும்" என்று எழுதியிருக்கிறார்.

உங்கள் இல்லத்தில் மீண்டும் மீண்டும் அணையும் விளக்கு ஒன்று உண்டாயின், இன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகத்தில் முதல் வரியை எழுதுங்கள். அடுத்த இதழில், ஒழுகும் குழாய்களைப் பற்றிக் கேட்டிருக்கும் வாசகருக்கு விடையளிப்போம்.